பெரு நாட்டு நெத்திலி மீன்பிடித் தொழில்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வாழும் எங்ராலிஸ் ரிங்கன்ஸ் என்னும் நெத்திலி இனத்தைச் சுருக்குமடி வலையால் பிடித்து, பெரும்பாலும் மீன்தூளாகவும் மீனெண்ணெயாகவும் மாற்றும் தொழில் இது. உள்ளூரில் இம்மீனை அஞ்சோவெத்தா என்பர். ஒரே மீனினத்தை நம்பி நடக்கும் தொழில்களில், பிடிக்கும் எடையைக் கொண்டு பார்த்தால் உலகிலேயே பெரியது இதுவே. 1970இல் உச்சத்தைத் தொட்ட இத்தொழில் மூன்றே ஆண்டுகளில் நொடித்துப்போனது. அளவுமீறிய மீன்பிடிப்பும் கடலின் வெப்பமாற்றமும் சேர்ந்து தாக்கினால் என்ன நேரும் என்பதற்கு மீன்வளப் பொருளியலில் அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு இது.

கடலும் மீனும்

பெருவின் கரையை ஒட்டி வடக்கு நோக்கி ஓடும் குளிர்ந்த நீரோட்டத்துக்கு, 1802இல் அதன் வெப்பநிலையை அளந்த அலெக்ஸாண்டர் வான் ஹம்போல்ட்டின் பெயர் வழங்குகிறது. அங்கு ஓயாது வீசும் தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. அதில் மிதவை உயிரிகள் செழிக்கின்றன. அவற்றைத் தின்று நெத்திலி பெருகுகிறது. உலகக் கடற்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இப்பகுதி, உலகில் பிடிபடும் மீனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தந்திருக்கிறது.

இந்த நெத்திலியின் ஆயுள் சுமார் மூன்று ஆண்டு. ஓராண்டில், 12 சென்டிமீட்டர் அளவில், இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். விரைவில் பெருகும், விரைவில் மடியும். ஆகவே ஓராண்டு குஞ்சு சரியாகத் தேறாவிட்டால் மறு ஆண்டின் பிடிப்பிலேயே அது தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காற்று தளர்ந்து, வெதுவெதுப்பான நீர் கரையை மூடும். கிறிஸ்துமஸை ஒட்டி இது தலைகாட்டியதால் பெரு மீனவர்கள் குழந்தை இயேசுவைக் குறிக்கும் 'எல் நீனோ' என்ற பெயரை இட்டனர். இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கணிக்கும் முயற்சியில் பசிபிக் காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். அதையும் எல் நீனோவையும் இணைத்து 1969இல் விளக்கியவர் யாகோப் பியர்க்னஸ். பெருவின் மீனும் இந்தியாவின் மழையும் ஒரே நிகழ்வால் பாதிக்கப்படுவது இதனால்தான்.

எச்சத்திலிருந்து மீன்தூளுக்கு

நெத்திலியை முதலில் பணமாக்கியவை பறவைகள். நீர்க்காகம், கூழைக்கடா போன்றவை மீனைத் தின்று தீவுகளில் இட்ட எச்சம் குவானோ எனப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய வயல்களுக்கு உரமாக ஏற்றுமதியான இந்தக் குவானோவே பெரு அரசின் கருவூலத்தை நிரப்பியது. தோண்டித் தீர்த்தபின், பறவைகளைக் காத்து எச்சத்தைச் சேகரிக்க 1909இல் அரசு ஒரு நிறுவனத்தை அமைத்தது. பறவைக்குரிய இரை பறிபோகும் என்பதால் அந்நிறுவனம் மீன்தூள் ஆலைகளை நெடுங்காலம் எதிர்த்து வந்தது.

கலிபோர்னியாவின் மத்தி மீன்பிடிப்பு நொடித்ததும் அங்கு சும்மா கிடந்த இயந்திரங்கள் 1950களில் பெருவுக்கு வந்து சேர்ந்தன. நைலான் வலையும் எதிரொலிக் கருவியும் அவற்றோடு சேர்ந்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோழி, பன்றிப் பண்ணைகள் பெருகி, தீவனத்துக்கு மீன்தூள் தேவைப்பட்டது. சிம்போத்தே என்ற சிறு துறைமுகம் ஆலை நகரமானது. 1960களின் நடுவில், பிடிக்கும் எடையில் பெரு உலகின் முதல் மீன்பிடி நாடாகிவிட்டது.

போட்டியின் கணக்கு

யாருக்கும் சொந்தமில்லாத மீனை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றால், லாபம் இருக்கும்வரை புதிய படகுகள் வந்துகொண்டே இருக்கும். கடைசியில் லாபமே கரைந்துபோகும். கனடியப் பொருளியலாளர் எச். ஸ்காட் கார்டன் 1954இல் முன்வைத்த வாதம் இது. ஒருவர் விட்டுவைக்கும் மீனை மற்றொருவர் அள்ளிக்கொள்வார் என்பதால் விட்டுவைப்பவருக்கே நட்டம்.

பெருவில் இது அப்படியே நடந்தது. கடன் எளிதில் கிடைத்ததால் படகுகளும் ஆலைகளும் தேவைக்குமேல் பெருகின. ஆண்டு முழுவதும் பிடிக்கவேண்டிய மீனைச் சில மாதங்களில் பிடித்து அரைத்துவிடும் திறன் உருவாயிற்று. கடனைக் கட்டியாக வேண்டிய கட்டாயத்தால், மீன் குறையும்போதும் படகுகள் கரையில் நிற்க முடியவில்லை. நிலைத்து எடுக்கத்தக்கது ஆண்டுக்கு 95 லட்சம் டன் என்று நிபுணர் குழு 1970இல் மதிப்பிட்டது. அதே ஆண்டில் பெரு மட்டும் ஏறத்தாழ 1.2 கோடி டன் பிடித்தது.

1972–73 சரிவு

1972இன் தொடக்கத்தில் கடல் வெப்பமானது. குளிர்ந்த நீர் கரையோரக் குறுகிய பட்டையாகச் சுருங்க, நெத்திலி அங்கே நெருங்கித் திரண்டது. வலை வீசியவர்களுக்குப் பிடிப்பு கூடியதாகவே தோன்றியது. ஆனால் அந்த ஆண்டு குஞ்சு மிகக் குறைவாகவே தேறியது. கரையில் குவிந்தது இருந்த முதல்தான், புதிய வரவன்று. நிலைமை புரிந்து ஆண்டின் நடுவில் பிடிப்பை நிறுத்தியபோது முட்டையிடும் கூட்டத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. 1973இல் பெருவின் பிடிப்பு 20 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை.

1973 மே மாதத்தில் வெலாஸ்கோ அல்வராடோவின் ராணுவ அரசு தொழில் முழுவதையும் நாட்டுடைமையாக்கி, பெஸ்கா பெரு என்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பாதிப்பு பெருவோடு நிற்கவில்லை. மீன்தூள் இல்லாத பண்ணைகள் சோயாவைத் தேடின. பயிர்ச்சேதம் போன்ற பிற காரணங்களும் சேர்ந்து அதன் விலை ஏறியது. 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அதிர்ந்த ஜப்பான் வேறு வழி தேடி, பின்னாளில் பிரேசிலின் சோயா வேளாண்மையில் முதலீடு செய்தது. 1972இல் இந்தியாவிலும் பருவமழை பொய்த்தது.

குற்றம் வலையினுடையதா, கடலினுடையதா என்ற விவாதம் நெடுநாள் நீடித்தது. கடலடிப் படிவில் கிடைக்கும் செதில்கள், மனிதர் பிடிக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே நெத்திலியும் மத்தியும் பெருகியும் குறைந்தும் வந்ததைக் காட்டுகின்றன. ஆனால் இரண்டு எல் நீனோக்களை ஒப்பிட்டால் விடையின் ஒரு பகுதி தெரியும். 1972க்குப் பின் நெத்திலி பழைய அளவை நெருங்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இடையில் 1982–83 எல் நீனோவும் அடித்தது. 1997–98இன் கடும் எல் நீனோவிலும் பிடிப்பு வெகுவாக வீழ்ந்தது. ஆனால் பிடிப்பு கட்டுப்படுத்தப்பட்டதாலும் அடுத்துக் குளிர்நீர் திரும்பியதாலும் 2000ஆம் ஆண்டிலேயே மொத்தப் பிடிப்பு மீண்டும் ஒரு கோடி டன்னைத் தாண்டியது.

தனிப்பங்கீடு

பெருவின் கடல் ஆய்வு நிறுவனமான இமார்ப்பே, ஒலியலைக் கருவிகளால் மீன்கூட்டத்தை அளந்து பருவத்துக்கான பிடிப்பு உச்சவரம்பைப் பரிந்துரைக்கிறது. வரம்பு மட்டும் போதவில்லை: மொத்த அளவு தீருமுன் முந்திக்கொள்ள எல்லாப் படகுகளும் பாய்ந்ததால், 2000களின் நடுவில் ஆண்டுப் பிடிப்பு முழுவதும் சுமார் 50 நாளில் முடிந்தது. ஆலைகள் திணறின, மீன் கெட்டு, தூளின் தரம் தாழ்ந்தது.

2008இல் வந்த சட்டம் ஒவ்வொரு படகுக்கும் தனிப்பங்கு ஒதுக்கியது. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது. பங்கு உறுதியானபின் அவசரம் தேவைப்படவில்லை. பருவம் நீண்டது, நிறுவனங்கள் உபரிப் படகுகளை ஒதுக்கின, உயர்தரத் தூளின் பங்கு கூடியது. 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு மிகுந்து சிக்கும் பகுதிகளைத் தற்காலிகமாக மூடும் வழக்கமும் வலுப்பெற்றது.

குறைகளும் உண்டு. பங்கில் பெரும்பகுதி சில பெரிய நிறுவனங்களிடமே சேர்ந்தது. படகு குறைந்ததால் வேலையிழந்தோர் உண்டு. சிறு மீனவர் மனித உணவுக்கெனப் பிடிக்கும் நெத்திலி, சட்டத்தை மீறி மீன்தூள் ஆலைக்குப் போவதும் நடக்கிறது. குழந்தைகளிடையே இரத்தச்சோகை பரவலாக உள்ள நாட்டில், பிடிபடும் நெத்திலியில் மிகச் சிறு பங்கே மக்களின் தட்டுக்குப் போகிறது. மற்றது சால்மன், இறால் பண்ணைகளின் தீவனமாகிறது.

வெப்பமாகும் கடல்

புவி வெப்பமடைவதால் கரையோரக் காற்று வலுத்து ஆழ்நீர் இன்னும் மேலெழும் என்று ஆண்ட்ரூ பாக்கன் 1990இல் கருதினார். மேல்நீர் சூடாகி அடுக்கடுக்காக நின்றுவிட்டால் சத்துநீர் மேலே வராது என்பது எதிர்வாதம். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பக் காலத்துப் படிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, அப்போது ஆக்சிஜன் குறைந்த அந்தக் கடலில் நெத்திலியைவிடச் சிறு மீன்களே மிகுந்திருந்ததைக் கண்டது.

2023இல் எல் நீனோ வந்தபோது குஞ்சுகள் மிகுந்திருந்ததால் முதல் பருவம் முழுவதும் கைவிடப்பட்டது. உலகச் சந்தையில் மீன்தூள் விலை ஏறியது. பெருவின் பொருளாதாரம் அவ்வாண்டு சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மறு ஆண்டு கடல் குளிர, மீன்பிடிப்பு மீண்டது. 1972இல் கடைசி மீன்வரை விரட்டிய படகுகள், 2023இல் ஒரு பருவத்தின் வருமானத்தை விட்டுக் கரையில் காத்திருந்தன.