புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

புழுங்கலரிசிச் சோற்றின் மணத்திற்கு முகஞ்சுளிப்போர் நம்முள் பலர். மலாயாவில் அச்சோறு செய்த உபகாரத்தை அவர்கள் அறியார் போலும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கால் வீங்கி, மூச்சுத் திணறி, ஆயிரக்கணக்கில் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. நம் மலாக்காவுக்கு அண்டையிலுள்ள நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் இவ்வேற்றுமையைக் கண்டு 1907இல் நூலெழுதினார்; கெட்டுப்போன அரிசியின் நஞ்சே காரணமென்பது அவர் கருத்து. அதற்குச் சற்றுமுன், கோலாலம்பூர்ப் பைத்தியசாலையில் பிளெட்சர் நோயாளரை இரு பகுதியாக்கி, பகுதிக்கு ஒருவகை அரிசி கொடுத்து ஓராண்டு பார்த்தார். வெள்ளையரிசிப் பகுதியில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர், மற்றதில் ஒருவருமில்லை. அந்தப் பதினெண்மரின் சம்மதத்தைக் கேட்டவர் யார் என நாம் வினவாதிருக்க இயலாது.

பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் ஜெலபுக் காட்டில் 300 ஜாவானியச் சாலைத் தொழிலாளரைக் கொண்டு சோதித்தனர். அரிசியை மாற்ற, நோயும் கூட்டம் மாறிற்று. தீட்டுகையில் கழியும் தவிட்டிலேயே நோய்தடுக்கும் பொருள் உளதென அவர்கள் ஆராய்ச்சி காட்டிற்று. பின்னாளில் அது தயமின் எனப் பெயர் பெற்றது. நெல்லை உமியோடு அவிக்கையில் அச்சத்து அரிசிக்குள் ஊறி நிலைக்கிறது.

நம் பாட்டிமார் இதனை அறிந்து அவித்தாரல்லர். பழமையெல்லாம் ஞானமென்போரும், பழமையெல்லாம் மூடமென்போரும் இங்குச் சற்று நின்று யோசிக்கலாம். 1929இல் நோபல் பரிசில் ஒரு பாதி, ஜாவாவில் கோழிகளைக் கொண்டு இதே நோயை ஆராய்ந்த ஐக்மானுக்குச் சென்றது.