மோட்டார் சைக்கிளின் பின் ஆக்சில்: அளவு மாற்றத்தின் வரலாறு

பின் ஆக்சில் என்பது மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் எஃகுத் தண்டு. இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இது ஸ்விங் ஆர்ம் எனப்படும் மேலும் கீழும் அசையும் கவையின் இரு நுனிகளையும், நடுவில் சக்கரத்தின் குடத்தையும் (ஹப்) ஊடுருவிச் செல்கிறது. ஒரு வண்டியின் சக்கரத்தை வேறொரு வண்டியின் ஸ்விங் ஆர்மில் பொருத்த முனைவோருக்கு இந்தத் தண்டின் விட்டமே முதல் தடையாக நிற்கிறது. 15, 17, 20, 25 மி.மீ. என அது வண்டிக்கு வண்டி மாறுகிறது. இந்த வேறுபாடு எப்படித் தோன்றியது, அதைச் சரிசெய்யும் வழிகளில் எது நம்பத்தக்கது என்பதைப் பேரிங், ஸ்விங் ஆர்ம், ரயில் அச்சு ஆகிய மூன்றின் வரலாறும் சேர்ந்து விளக்குகிறது.

மிதிவண்டி வழி வந்த ஆக்சில்

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் எஞ்சின் பூட்டிய மிதிவண்டிகளாகவே இருந்தன. சக்கர அமைப்பும் மிதிவண்டியிலிருந்தே வந்தது. பாரிஸைச் சேர்ந்த ஜூல் சுரிரே 1869-இல் மிதிவண்டிக்கான பந்துப் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் அத்தகைய பேரிங் பொருத்திய மிதிவண்டியில் வென்றது, அதன் புகழைப் பரப்பியது.

பின்னர் பரவலான மிதிவண்டிக் குடத்தில் ஆக்சிலின் மீது கோன் திருகப்பட்டிருக்கும். குடத்துக்குள் கிண்ணம் பதிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே குண்டுகள் உருளும். இங்கே ஆக்சிலும் பேரிங்கின் ஓர் உறுப்பே. தடிமன் வேறான ஆக்சிலைப் போட வேண்டுமானால் கோன், கிண்ணம், குண்டு எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். ஆகவே ஒரு வண்டியின் சக்கரம் மற்றொன்றுக்குச் சேர்வது அரிதாக இருந்தது.

எண்ணிட்ட பேரிங்

ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் 1883-இல் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் அரைத்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். சுவீடனில் ஸ்வென் விங்குவிஸ்ட் 1907-இல் எஸ்.கே.எஃப். நிறுவனத்தைத் தொடங்கினார். உள்வளையம், வெளிவளையம், நடுவே குண்டுகள் என ஒரே பொருளாக வரும் பேரிங் தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாராயிற்று. ஆக்சில் இப்போது உள்வளையத்தின் வழியே நுழைந்து செல்லும் வெறும் தண்டாயிற்று. இரண்டும் பிரிந்தன.

இதைவிடப் பெரிய மாற்றம், பேரிங் அளவுகள் நாடுகளைக் கடந்து ஒன்றுபட்டதே. பேரிங்கின் பக்கத்தில் பொறித்துள்ள எண்ணே அதன் அளவைச் சொல்லிவிடும். கடைசி இரு இலக்கங்கள் துளையைக் குறிக்கும்: 02 என்றால் 15 மி.மீ.; 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கினால் துளை விட்டம் கிடைக்கும். 04-க்கு 20, 05-க்கு 25.

துளை வேறானாலும் வெளிவிட்டம் ஒன்றாக உள்ள பேரிங்குகள் இந்த வரிசையில் உண்டு. 6204 பேரிங்கின் துளை 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. 6303-இன் துளை 17; வெளிவிட்டமும் அகலமும் அதே 47, 14. அதுபோல 6302 (15, 42, 13), 6004 (20, 42, 12) ஆகிய இரண்டும் ஒரே குழியில் அமரும். சக்கரக் குடத்தைத் தொடாமலே ஆக்சில் அளவை மாற்றும் வாய்ப்பு இவ்வாறு கிடைத்தது.

ஸ்விங் ஆர்மின் வருகை

பின்புறத்தில் ஸ்பிரிங் இல்லாத பழைய சட்டத்தில், ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக இரு குழாய்கள் வந்து ஆக்சிலைப் பிடித்துக்கொண்டன. இத்தாலியின் மோட்டோ குட்ஸி நிறுவனம் 1928-இல் அசையும் பின்கவை கொண்ட வண்டியைச் செய்தது. அதில் ஜூசெப்பே குட்ஸி ஆர்க்டிக் வட்டம் வரை பயணம் செய்ததால் அவ்வண்டி 'நார்வே' என்ற பொருளில் 'நோர்ஜே' எனப் பெயர் பெற்றது. ஆயினும் ஸ்விங் ஆர்ம் பொதுவழக்காக இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் டிரையம்ஃப் நிறுவனம் குடத்துக்குள்ளேயே ஸ்பிரிங்குகளை அடைத்த பின்சக்கரத்தை விற்றது. பழைய சட்டத்தில் சக்கரத்தை மட்டும் மாற்றி ஸ்பிரிங் வசதி பெறலாம் என்பது அதன் எண்ணம்.

ராயல் என்ஃபீல்டு புல்லட் 1948-இல் ஸ்விங் ஆர்முடன் போட்டிகளில் தோன்றி, 1949-இல் விற்பனைக்கு வந்தது. 1955-இல் சென்னை மாகாணத்தில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவானது. மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்த நார்ட்டன் 'ஃபெதர்பெட்' சட்டம் 1950-இல் வெளிவந்தது. அவ்வாண்டு மான் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெஃப் டியூக் அதில் வென்றார்.

ஸ்விங் ஆர்மில் இரு கைகளும் முன்பக்கத்தில்தான் ஒன்றுசேர்ந்திருக்கும். பின்நுனிகளை இணைத்துப் பிடிப்பது ஆக்சில் மட்டுமே. வளைவில் சாயும்போது ஒரு கை மற்றதைவிட அதிகம் முறுக்குப்படாமல் காப்பதில் அதற்கும் பங்குண்டு. எஞ்சின் ஆற்றல் கூடக்கூட ஆக்சில் தடித்ததற்கு இது ஒரு காரணம். 1980-களில் அகலமான 17 அங்குல ரேடியல் டயர்கள் பந்தய வண்டிகளிலிருந்து சாலைக்கு வந்தன. பழைய வண்டிகளில் அந்தச் சக்கரங்களைப் பொருத்தும் ஆசையும் வளர்ந்தது. மெல்லிய ஆக்சிலுக்கான ஸ்விங் ஆர்மும் தடித்த ஆக்சிலுக்கான சக்கரமும் பட்டறைகளில் சந்தித்தன.

ரயில் அச்சு தந்த பாடம்

அளவு பொருந்தாதபோது எளிதாகத் தோன்றும் வழி, தடித்த ஆக்சிலை லேத்தில் கடைந்து ஒரு பகுதியை மட்டும் மெலிதாக்குவது. இதன் ஆபத்தை 19-ஆம் நூற்றாண்டே கண்டது. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடைந்த ரயில் அச்சுகளை ஆராய்ந்த வில்லியம் ராங்கின், தடித்த பகுதி மெலிந்த பகுதியாக மாறும் கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்கி மெல்ல உள்ளே பரவுகிறது என்று அடுத்த ஆண்டே விளக்கினார். பின்னர் ஜெர்மனியின் ஆகுஸ்ட் வோலர், ஒருமுறை தாங்கும் சுமையைவிடக் குறைந்த சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் அச்சை முறிக்கும் என்பதைச் சோதனைகளால் நிறுவினார். லேத்தில் படி வெட்டிய ஆக்சில் பொருத்திய நாளில் உறுதியாகத்தான் இருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் முறியும்.

நடைமுறையில் உள்ள வழிகள்

ஸ்விங் ஆர்முக்கு உரிய ஆக்சிலை அப்படியே வைத்துக்கொண்டு, சக்கரத்தின் பேரிங்கை மாற்றுவது முதல் வழி. 20 மி.மீ. ஆக்சிலுக்கான சக்கரத்தில் 6204-ஐ எடுத்து 6303-ஐ இட்டால் அது 17 மி.மீ. ஆக்சிலை ஏற்கும். மாறாக, 15 மி.மீ. சக்கரத்தை 20 மி.மீ. ஆக்சிலுக்கு மாற்ற 6302-க்குப் பதில் 6004 இடலாம். ஆனால் 6004-இன் குண்டுகள் சிறியவை. அது தாங்கும் சுமையும் குறைவு. வண்டியின் எடைக்கு அது போதுமா என்று பார்த்த பின்னரே அதை ஏற்கலாம்.

இரண்டாவது வழி, சக்கரத்தின் மெல்லிய ஆக்சிலை வைத்துக்கொண்டு ஸ்விங் ஆர்மின் அகன்ற காடியில் விளிம்புள்ள புஷ் இடுவது. கனமான வண்டியில் மெல்லிய ஆக்சில் இடுவதால் பலம் குறையும் என்பதை இங்கும் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்விங் ஆர்மின் காடியை அரத்தால் அகலப்படுத்துவது எல்லாவற்றிலும் மோசமான வழி. நுனியின் உலோகம் குறைவதோடு, இரு பக்கமும் சமமாக ராவப்படாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும்.

எந்த வழியிலும் தவறாமல் கவனிக்க வேண்டியது, இரு பேரிங்குகளுக்கும் நடுவே குடத்துக்குள் இருக்கும் ஸ்பேசர் குழாய். ஆக்சில் நட்டை முறுக்கும்போது ஸ்விங் ஆர்ம், வெளி ஸ்பேசர், பேரிங்கின் உள்வளையம், நடு ஸ்பேசர் ஆகியவை ஒரே தூண்போல இறுகுகின்றன. நடு ஸ்பேசர் குட்டையானால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும். குண்டுகள் பக்கவாட்டில் அழுந்திச் சூடேறி, பேரிங் விரைவில் சிதையும். ஆகவே புதிய ஆக்சிலுக்கு ஏற்ற துளையுடன், பழைய நீளம் சற்றும் மாறாமல் நடு ஸ்பேசரைச் செய்ய வேண்டும். 13 மி.மீ. பேரிங் இருந்த இடத்தில் 12 மி.மீ. பேரிங் வந்தால், நடு ஸ்பேசர் மாறாது. வெளி ஸ்பேசர்கள் பக்கத்துக்கு 1 மி.மீ. நீளும். செயின் ஸ்பிராக்கெட் தாங்கியின் தனிப் பேரிங், பிரேக் தட்டு அல்லது காலிப்பர் பிடியின் துளை ஆகியவையும் அதே ஆக்சிலுக்குப் பொருந்த வேண்டும். கடைசியாக, முன்சக்கரத்தோடு நேர்கோடும் செயினின் நேர்கோடும் சரிபார்க்கப்படும்.

ஒற்றைக் கை

பந்தயத்தில் சக்கரத்தை நொடிகளில் மாற்ற வேண்டிய தேவை வேறொரு விடையையும் தந்தது. 1980-களின் இறுதியில் ஹோண்டா ஆர்.சி.30, பின்னர் 1994-இல் டுகாட்டி 916 ஆகிய வண்டிகள் ஒற்றைக் கை ஸ்விங் ஆர்முடன் வந்தன. இவற்றில் ஆக்சிலும் பேரிங்கும் ஸ்விங் ஆர்மிலேயே தங்கிவிட, கார் சக்கரத்தைப் போலச் சக்கரம் மட்டும் கழன்று வருகிறது. இரட்டைக் கை வண்டிகளில், சக்கரத்தைக் கழற்றியதும் பேரிங்கின் எண்ணைப் படித்து, அதே வெளிவிட்டத்தில் தேவையான துளை உண்டா என்று பார்ப்பதே இன்றும் முதல் வேலை.