நாமக்கல் முட்டையும் மூளையின் அடையாளமும்

நாமக்கல் என்றாலே முட்டை. சேலம் மாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 1 அன்று பிரிந்த இந்த மாவட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள் கண்ணில் படும். அந்த முட்டைக்கும் மூளை ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நூறு வருடங்களுக்கு மேலான சம்பந்தம்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தாய்க்கோழிக்குத் தடுப்பூசி போட்டால், அதன் குஞ்சுக்கும் முதல் சில வாரங்களுக்குப் பாதுகாப்பு இருக்கும் என்பது பண்ணைக்காரர்கள் அறிந்த விஷயம். தாயின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, மஞ்சள் கருவில் சேர்ந்து குஞ்சுக்குப் போகிறது. இதை முதலில் சோதித்துக் காட்டியவர் ஜெர்மனியின் ஃபீலிக்ஸ் கிளெம்பரர். ஆண்டு 1893. டெட்டனஸுக்கு எதிராகத் தயார்செய்த கோழிகளின் மஞ்சள் கரு எலிகளைக் காப்பாற்றியது. ஆனால் உலகம் அதை மறந்துவிட்டு முயலையும் ஆட்டையும் குதிரையையும் நம்பியது.

சாயத்திலிருந்து எதிர்ப்பொருளுக்கு

அதே காலத்தில் மூளையைப் படித்தவர்களிடம் இருந்தவை சாயங்கள் மட்டுமே. கோல்ஜியின் வெள்ளிச் சாயம் (1873) ஒரு சில செல்களை மட்டும் முழுதாகக் காட்டும். எது தெரியும், எது தெரியாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நிசல் சாயம் எல்லா செல்களையும் காட்டும். ஆனால் எது நரம்பு செல், எது அதன் துணை செல் என்பதை வடிவத்தையும் அளவையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சிறிய செல்களில் தவறு நேர்வது எளிது.

இந்தச் சிக்கலுக்கு வழி திறந்தவர் ஆல்பர்ட் கூன்ஸ். 1941இல் அவர் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்தார். எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும். அது ஒட்டிய இடம் நுண்ணோக்கியில் ஒளிரும். பிறகு 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை அளவில்லாமல் உற்பத்தி செய்யும் செல்களை உருவாக்கினார்கள். 1984இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெயர் தெரியாத புரதம்

1992இல் முல்லன், பக், ஸ்மித் ஆகிய மூவர், எலி மூளை செல்களின் உட்கருக்களை எலிகளுக்கே செலுத்தி ஓர் எதிர்ப்பொருளைப் பெற்றார்கள். அதன் அடையாளம் ஏ60. அது முக்கியமாக நரம்பு செல்லின் உட்கருவில் ஒட்டியது. துணை செல்களைத் தொடவில்லை. அது பற்றிய புரதத்துக்கு 'நியூஎன்' என்று பெயர் வைத்தார்கள். நரம்பு செல்களை எண்ண இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? உலகமெங்கும் ஆய்வகங்கள் அதை வாங்கின.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் புரதம் எது என்று யாருக்கும் தெரியாது! 2009இல்தான் கிம், ஏடல்ஸ்டீன், கவமோட்டோ ஆகியோர் அது ஃபாக்ஸ்-3 என்ற புரதம் என்று கண்டுபிடித்தார்கள். ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலையை நெறிப்படுத்தும் புரதம் அது. பதினேழு வருடங்கள் முகம் தெரியாத ஒருவரை முகவரியாக வைத்து வீடு தேடிய கதை இது.

அடையாளத்துக்கும் எல்லை உண்டு. சிறுமூளையின் புர்க்கின்ஜி செல்களில் நியூஎன் தெரியாது என்று 1992 கட்டுரையே சொல்லியிருந்தது. மூளையில் இரத்த ஓட்டம் தடைபட்ட பிறகு நியூஎன் மறைந்தாலும் செல் உயிரோடு இருக்கலாம் என்று 2004இல் வந்த ஆய்வு எச்சரித்தது. இது சின்ன விஷயமல்ல. நிறம் வராத செல்லையெல்லாம் 'செத்தது' என்று எண்ணினால், பக்கவாதத்துக்கான ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்ற முடிவே தலைகீழாகிவிடும்.

பத்திரிகைகள் விழித்துக்கொண்டது

எதிர்ப்பொருள் தவறான புரதத்தில் ஒட்டினாலும் படம் அழகாகத்தான் வரும். அதுதான் ஆபத்து. நரம்பியல் இதழான 'ஜர்னல் ஆஃப் கம்பேரடிவ் நியூராலஜி' 2003இலும் 2005இலும் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதி, எதிர்ப்பொருளின் முழு விவரத்தையும் சோதனைச் சான்றையும் கட்டுரையாளர்களிடம் கேட்கத் தொடங்கியது. 2016இல் ஒரு சர்வதேசக் குழு சரிபார்க்கும் ஐந்து வழிகளை முன்வைத்தது. அவற்றுள் முதன்மையானது எளிமையானது: அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்லில் சோதித்துப் பார், அங்கேயும் நிறம் வந்தால் எதிர்ப்பொருள் பொய் சொல்கிறது.

இந்த வரலாறு ஆய்வகத்துக்குத் தந்த பாடங்கள் இவை:

1. விற்பனைத் தாளை மட்டும் நம்பக்கூடாது. எந்தத் திசுவில், எந்த முறையில் சோதித்தது என்று பார்க்க வேண்டும். புரதப் பட்டையில் வேலை செய்வது மூளைச் சீவலில் வேலை செய்யாமல் போகலாம்.
2. ஃபார்மலினில் பதப்படுத்தும்போது புரதம் மறைந்துகொள்ளும். சீவலைச் சூடாக்கி அதை வெளிக்கொணரும் முறை 1991இல் வந்தது.
3. முதல் எதிர்ப்பொருள் இல்லாமல் ஒரு சீவலை எப்போதும் கூடவே சோதிக்க வேண்டும்.
4. ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டாவது அடையாளத்தோடு ஒப்பிட வேண்டும்.

மறுபடியும் கோழி

ஏ60 எலியில் உருவானது. எலி மூளையிலேயே அதைப் பயன்படுத்தினால், ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருள் அந்தத் திசுவில் ஏற்கெனவே இருக்கும் எலி எதிர்ப்பொருளிலும் ஒட்டிப் பின்னணி முழுவதும் மங்கலாக்கும். கோழியின் எதிர்ப்பொருளில் இந்தக் குழப்பம் குறைவு. எலி, முயல், கோழி என்று மூன்றையும் ஒரே சீவலில் மூன்று நிறங்களாகக் காட்டலாம். பாலூட்டிகளின் மூளைப் புரதங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை என்பதால் முயல் சில சமயம் அவற்றை அந்நியமாகவே நினைக்காது. பரிணாமத்தில் தூரத்து உறவான கோழி நினைக்கும்.

1969இல் 'ஐஜிஒய்' என்று பெயர் பெற்ற இந்தக் கோழி எதிர்ப்பொருள் ஒரு மஞ்சள் கருவில் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் வரை கிடைக்கும். அதில் நாம் தேடும் புரதத்துக்கானது சிறு பங்குதான். ஆனாலும் கோழியைத் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்து வதைக்க வேண்டியதில்லை. முட்டையைப் பொறுக்கினால் போதும். 1996இல் ஐரோப்பிய வல்லுநர் கூட்டம் இதையே பரிந்துரைத்தது. இன்று நரம்பு செல்லின் பல அடையாளப் புரதங்களுக்குக் கோழி எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலிருக்கும் மனித மூளையின் 5,132 சீவல்களைக் கொண்ட 'தரணி' வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. அது வெளிவந்ததும் மேலே சொன்ன அதே இதழில்தான். நாமக்கல்லில் கோழியும் இருக்கிறது, 1985இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சென்னையில் மூளைச் சீவல்கள் இருக்கின்றன. நடுவே இருப்பது சில மணி நேரப் பயணம்தான். 1893இல் மறந்துபோன முட்டையை இன்னொரு முறை மறக்க வேண்டியதில்லை.