நாயும் மனிதரும் ஒரே தொடரில்: நுழைவு மறுப்பு அறிவிப்புகளின் மொழி வரலாறு

1. முன்னுரை

உணவகத்தினுள் நாயை அனுமதிக்கலாமா என்னும் வினா பெரும்பாலும் உடல்நலம் சார்ந்த வினாவாகவோ, அருகில் அமர்ந்து உண்பவரின் விருப்பு வெறுப்பு சார்ந்த வினாவாகவோ கருதப்படுகிறது. ஆயின் அவ்வினாவுக்குரிய விடை வாயிற்பலகையில் எழுதப்படும்போது அது மொழியியல் வினாவாகவும் மாறிவிடுகிறது. ‘நாய்களுக்கு அனுமதியில்லை’ என்னும் தொடர் எளிமையானது. ஐயத்துக்கு இடமற்றது போலத் தோன்றுவது. எனினும் கடந்த நூற்றாண்டில் இத்தொடர் தனித்து நின்ற இடங்களைக் காட்டிலும், மனிதரைக் குறிக்கும் பெயரொன்றுடன் இணைந்து நின்றதாகச் சொல்லப்படும் இடங்களே மக்கள் நினைவில் ஆழப் பதிந்துள்ளன. உணவகங்கள், விடுதிகள், மன்றங்கள், பூங்காக்கள் ஆகியவற்றின் வாயில்களில் இத்தொடர் பெற்ற வடிவங்களையும், அவ்வடிவங்களைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் இலக்கணச் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஷாங்காய்ப் பூங்காவின் விதிகள்

இவ்வகை அறிவிப்புகளுள் உலகப் புகழ் பெற்றது ஷாங்காய் நகரத்தது. அந்நகரின் பன்னாட்டுக் குடியிருப்புப் பகுதியில், ஆற்றங்கரையை ஒட்டி, 1868இல் ஒரு பொதுப்பூங்கா திறக்கப்பட்டது. பெயரளவில் பொதுப்பூங்காவாயினும் சீனர் அதனுள் நுழைய இயலவில்லை. 1880களில் சீனக் குடிமக்கள் இது குறித்து நகராட்சி மன்றத்துக்கு முறையீடுகள் அனுப்பினர். 1890இல் சீனருக்கெனத் தனியே ஒரு பூங்கா அமைக்கப்பட்டதேயன்றிப் பழைய பூங்காவின் கதவு திறக்கப்படவில்லை. 1928இல்தான் அது சீனருக்குத் திறந்துவிடப்பட்டது.

‘நாய்களுக்கும் சீனருக்கும் அனுமதியில்லை’ என்ற பலகை அப்பூங்காவின் வாயிலில் தொங்கியது என்பது பரவலான நம்பிக்கை. சீனப் பொதுவுடைமைத் தலைவர்களுள் ஒருவரான பாங் சீமின், தாம் அதனைக் கண்டதாக 1935இல் சிறையிலிருந்து எழுதிய நூலில் குறிப்பிட்டுள்ளார். 1972இல் வெளிவந்த புரூஸ் லீயின் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’ திரைப்படத்தில் கதைத்தலைவன் அப்பலகையை உடைத்தெறியும் காட்சி, அதனை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

ராபர்ட் பிக்கர்ஸ், ஜெஃப்ரி வாசர்ஸ்ட்ராம் ஆகிய வரலாற்றாய்வாளர் இருவர் இச்செய்தியை ஆராய்ந்து 1995இல் ‘சைனா குவார்ட்டர்லி’ ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர். அப்பூங்காவின் விதிப்பட்டியல்கள் அவர்களுடைய ஆய்வின் அடிப்படை. 1903ஆம் ஆண்டு விதிகளில் நாய்களையும் மிதிவண்டிகளையும் விலக்கும் விதி ஒன்று உண்டு; வெளிநாட்டாருடன் வரும் பணியாளர் தவிர்ந்த சீனரை விலக்கும் விதி மற்றொன்று. 1917ஆம் ஆண்டுப் பட்டியலின் முதல் விதி, பூங்கா வெளிநாட்டுச் சமூகத்தாருக்கென ஒதுக்கப்பட்டது என்கிறது. நான்காம் விதி நாய்களையும் மிதிவண்டிகளையும் விலக்குகிறது. மக்கள் நினைவில் உள்ள அதே சொற்களைக் கொண்ட பலகை இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும் சீனர் விலக்கப்பட்டது மறுக்கவியலாத உண்மை.

இங்கு இரண்டு செய்திகள் மொழியியலார் கருத்துக்குரியன. முதலாவது, விதிகளில் நாயுடன் எண்ணப்பட்டது மனிதர் அல்லர், மிதிவண்டியே. வெவ்வேறு எண்ணிட்ட இரு விதிகளின் எழுவாய்கள் மக்கள் நினைவில் ஒரே தொடருக்குள் வந்து சேர்ந்தன. மிதிவண்டி உதிர்ந்து, அதன் இடத்தில் மனிதர் அமர்ந்தனர். இரண்டாவது, 1917ஆம் ஆண்டு விதியில் சீனர் என்னும் சொல்லே இல்லை. யாருக்கு உரியது என்று உடன்பாட்டில் கூறுவதன் வழியாகவே யாருக்கு உரியதன்று என்பது உணர்த்தப்படுகிறது. விதியை எழுதியவர் சொல்லாமல் விட்டதை விலக்கப்பட்டவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டனர். அவ்வகையில் மக்கள் நினைவில் உள்ள தொடரை விதியின் பிழையான மேற்கோள் என்பதைவிட, விலக்கப்பட்டவர் நோக்கில் அமைந்த பொருள்பெயர்ப்பு என்பதே பொருந்தும்.

சொல் வரிசையும் கவனிக்கத்தக்கது. ஆங்கில வழக்கில் ‘டாக்ஸ் அண்டு சைனீஸ்’ என நாய் முன்னும் சீனர் பின்னும் நிற்க, சீன வழக்கில் ‘ஹுவாரென் யூ கோவ் புதே ரூநெய்’ எனச் சீனர் முன்னும் நாய் பின்னும் நிற்கின்றனர். ஆங்கில வரிசையில், விலங்குக்கு உரிய விலக்குப் பட்டியலில் மனிதர் பின்னர்ச் சேர்க்கப்பட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. சீன வரிசையிலோ விலக்கு மனிதரையே முதற்கண் நோக்குகிறது. அடுத்து வரும் நாய் அவர்தம் நிலையை அளந்து காட்டுகிறது.

3. இந்தியாவிலும் இங்கிலாந்திலும்

இந்தியாவிலும் இத்தகைய நினைவுகள் பல. சிட்டகாங்கின் பஹார்த்தலி ஐரோப்பியர் மன்ற வாயிலில் ‘நாய்களுக்கும் இந்தியர்களுக்கும் அனுமதியில்லை’ என்ற பலகை இருந்ததாக நினைவுகூரப்படுகிறது. 1932 செப்டம்பரில் அம்மன்றத்தின் மீது நிகழ்ந்த தாக்குதலுக்குத் தலைமை தாங்கி, 21ஆம் அகவையில் உயிர்நீத்த பிரீத்திலதா வத்தேதாரின் வரலாற்றைக் கூறுவோர் பலரும் அப்பலகையையும் கூறுவர்.

அயலார் ஆட்சியின் விலக்கை மட்டும் கூறி அமைவது முழுமையாகாது. சென்னை மாகாணத்து உணவகங்களில் பஞ்சமர், நாய்கள், பெருநோயாளர் ஆகியோரை ஒருங்கே விலக்கிய பலகைகள் இருந்தன என்னும் குறிப்பு திராவிட இயக்கத்தாரின் எழுத்துகளிலும் பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. அங்கு விலக்கியவரும் விலக்கப்பட்டவரும் ஒரே மண்ணினர், ஒரே மொழியினர்.

இந்நிலைக்குச் சட்டம் அளித்த விடை தெளிவானது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுள் குடிமகன் எவரும் நுழைவதைத் தடுத்தலாகாது என்கிறது. அடிப்படை உரிமைகளைக் கூறும் பகுதியில் உணவகம் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அவ்விலக்கைத் தண்டனைக்குரியதாக்கியது. எனினும் கதவு திறந்த பின்னும் பலகைச் சொல் எஞ்சி நிற்பதுண்டு. உணவகப் பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிக்கும் கிளர்ச்சியை 1957இல் பெரியார் நடத்தினார். எவரையும் வெளிப்படையாக விலக்காத சொல்லும் விலக்கின் நினைவைச் சுமக்கவல்லது என்பதற்கு அது சான்று. இவ்வகையில் அச்சொல்லையும் ஷாங்காய்ப் பூங்காவின் 1917ஆம் ஆண்டு முதல் விதியையும் ஒப்பு நோக்கலாம்.

இங்கிலாந்தில், 1950களிலும் 1960களிலும் வாடகை விடுதிகளின் சாளரங்களில் காணப்பட்டதாகக் கூறப்படும் தொடர் வேறு வடிவினது. ஐரிஷ்காரர் இல்லை, கறுப்பர் இல்லை, நாய் இல்லை என அடுக்கும் அத்தொடரில் இணைப்பிடைச்சொல் கிடையாது. ஒவ்வொரு பெயரும் தனித்தனி எதிர்மறை பெற்று நிற்கிறது. ஒப்புமை அடுக்கின் ஓசையால் உணர்த்தப்படுகிறது. 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் உணவகங்களையும் தங்கும் விடுதிகளையும் உள்ளடக்கியது. வீட்டு வாடகை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அதன் வரம்புக்குள் வந்தது.

4. எண்ணும்மையும் திணை முடிபும்

மேற்கண்ட தொடர்களைத் தமிழாக்கும்போது, மூலமொழிகளில் இல்லாத ஒரு சிக்கல் எழுகிறது. ஆங்கிலத்திலும் சீனத்திலும் நாய், சீனர் ஆகிய இரு பெயர்களும் ஒரே வினையைத் தடையின்றி ஏற்கின்றன. தமிழில் ஒன்று அஃறிணை, மற்றது உயர்திணை. ‘நாய்களும் இந்தியரும் அனுமதிக்கப்பட’ என்று தொடங்கினால் ‘மாட்டா’ என முடிப்பதா, ‘மாட்டார்’ என முடிப்பதா? எந்த முடிபைத் தேர்ந்தாலும் ஒரு திணை தன் அடையாளத்தை இழக்கிறது.

இச்சிக்கலைத் தமிழ் இலக்கண நூலார் முன்னரே கண்டுள்ளனர். திணை விரவி எண்ணப்படுவன செய்யுளில் அஃறிணை முடிபு பெறும் எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகிறது. நன்னூலோ, திணை முதலியன விரவியவழிச் சிறப்பு, மிகுதி, இழிவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாக ஒரு முடிபு கொள்ளும் என்கிறது. இழிவு காரணமாக அஃறிணை முடிபு பெறுதற்கு, மூர்க்கனையும் முதலையையும் சேர்த்துக் கூறும் தொடரை உரையாசிரியர் காட்டுவர். மனிதரை விலங்கோடு எண்ணி அஃறிணையில் முடிப்பது இழித்துரைக்கும் நெறி என்பதை நம் இலக்கணம் வெளிப்படையாகவே பதிவு செய்துள்ளது.

‘நாய்களுக்கும் இந்தியர்களுக்கும் அனுமதியில்லை’ என்னும் வழக்கமான தமிழாக்கம் இத்தேர்விலிருந்து நழுவிவிடுகிறது. நான்காம் வேற்றுமையும் ‘இல்லை’ என்னும் திணை பொதுவான குறிப்புமுற்றும் சேர்ந்து திணை முரணை மறைத்துவிடுகின்றன. வரலாற்று நூல்களில் அத்தொடரைப் பெயர்ப்போர், மூலத்தின் இழிவுப்பொருள் எண்ணும்மையால் மட்டுமே தாங்கப்படுவதை உணர்ந்து, இரு உம்மைகளையும் விடாது காத்தல் வேண்டும். ‘நாய்கள், இந்தியர்களுக்கு’ எனக் காற்புள்ளியிட்டுச் சுருக்கினால் சமன்படுத்தும் ஆற்றல் குன்றுகிறது.

5. விலக்கும் விதிவிலக்கும்

இன்று மனிதரை விலக்கும் பலகைகள் சட்டத்துக்குப் புறம்பானவை. நாயைப் பற்றிய விதிகள் தொடர்கின்றன. அவற்றின் சொல்லாட்சி நுட்பமடைந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதி, உணவு ஆக்கப்படும், கையாளப்படும், சேமிக்கப்படும் இடங்களில் வீட்டு விலங்குகள் நுழைவதைத் தடுக்கச் சொல்கிறது. உண்ணப்படும் இடம் என்னும் சொல் அப்பட்டியலில் இல்லை. கலிபோர்னியா மாநிலம் 2014இல் இயற்றிய சட்டம், உணவகத்தின் வெளிப்புற உணவுப் பகுதியில் மட்டும், சில நிபந்தனைகளுடன், வளர்ப்பு நாய்களை அனுமதிக்க இடமளித்தது.

மற்றொரு வளர்ச்சி ‘தவிர’ என்னும் சொல்லைச் சார்ந்தது. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்கென 1916இல் ஜெர்மனியில் வழிகாட்டி நாய்ப் பயிற்சி முறையாகத் தொடங்கியது. பின்னர்ப் பல நாடுகள் இத்தகைய நாய்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தன. ஜப்பான் 2002இல் இயற்றிய துணை நாய்ச் சட்டம், உணவகங்கள் உள்ளிட்ட பொது இடங்கள் அவற்றை மறுத்தலாகாது என்கிறது. அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டத்தின்கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகள், குறிப்பிட்ட பணிக்குப் பயிற்சி பெற்ற நாயையே பணி விலங்கு என வரையறுக்கின்றன. உடனிருந்து ஆறுதல் தருவது மட்டும் போதாது.

1903ஆம் ஆண்டு ஷாங்காய் விதியிலும் ‘தவிர’ உண்டு. வெளிநாட்டாருடன் வரும் பணியாளர் என்ற முறையில் சீனர் நுழையலாம். இரண்டு விதிகளின் தொடரமைப்பும் ஒன்றே: விலக்கப்பட்ட ஒன்று, வேறொருவர்க்குத் துணையாக வரும்போது அனுமதி பெறுகிறது. அமைப்பு ஒன்றாயினும் பயன் நேரெதிரானது. அங்கு மனிதர் மற்றொருவரின் உடைமை போல உள்ளே செல்கின்றனர். இங்கு நாயின் நுழைவால் ஒரு மனிதர் தம் உரிமையுடன் உள்ளே செல்கிறார்.

6. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியவை

பன்மொழிப் பலகைகள் மிகுந்த இந்தியாவில் இவ்வேறுபாடுகள் பெயர்ப்பில் மறைவது எளிது. ‘பெட்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் செல்லப்பிராணிகளையே குறிக்கும். வழிகாட்டி நாய் அச்சொல்லுள் அடங்காது. அதனை ‘நாய்கள்’ என்று பெயர்த்தால், மூலத்தில் விலக்கப்படாத ஒன்று தமிழில் விலக்கப்பட்டுவிடுகிறது. பார்வையற்ற ஒருவரை ஆங்கிலப் பலகை அனுமதிக்க, அதே வாயிலில் உள்ள தமிழ்ப் பலகை திருப்பி அனுப்பும் நிலை தோன்றும்.

வேற்றுமைத் தேர்வும் கருதத்தக்கது. ‘நாய்களுக்கு அனுமதியில்லை’ என்பதில் நாய் அனுமதி கேட்டு நிற்கும் ஆளாகிறது. அதனாலேயே அவ்விடத்தில் மனிதப் பெயரும் எளிதாக வந்து அமர முடிகிறது. ‘செல்லப்பிராணிகளை உள்ளே அழைத்து வர வேண்டா’ என்னும் தொடரில் விலங்கு செயப்படுபொருளாகி, வேண்டுகோள் அதன் உரிமையாளரை நோக்கிச் செல்கிறது. இத்தொடரில் மனிதப் பெயரைச் சேர்த்தால், அவரையும் ஒருவர் அழைத்து வருவதாகப் பொருள்பட்டுத் தொடர் இயல்பிழக்கும். பலகையைப் படிக்கவல்லவர் மனிதரே ஆதலின், அவரை நோக்கிப் பேசும் தொடரே கருத்தாடல் நோக்கிலும் பொருத்தமானது. இதனுடன் ‘மாற்றுத்திறனாளருக்குத் துணையாக வரும் பயிற்சி பெற்ற நாய்களுக்கு இது பொருந்தாது’ என்னும் தொடரும் சேர்தல் நன்று.

7. முடிவுரை

உணவகத்தில் நாயை அனுமதிப்பதும் மறுப்பதும் இடம், தூய்மை, பிறர் வசதி ஆகியவற்றை நோக்கி முடிவு செய்யத்தக்கன. ஆக்குமிடத்தில் மறுத்து, திறந்தவெளி உணவுப் பகுதியில் அனுமதித்து, துணை நாய்க்கு எங்கும் வழிவிடுவது இன்றைய சட்டங்கள் பலவற்றின் போக்காக உள்ளது. மறுப்பதனால் நாய்க்கு இழிவு எதுவும் நேர்வதில்லை. வரலாற்றில் இழிவை விளைத்தது மனிதரை அதனோடு ஒரே தொடரில் எண்ணிய வழக்கே. அறிவிப்பை எழுதுவோரும் பெயர்ப்போரும் விலங்கு பற்றிய விதியை விலங்கு பற்றியதாக மட்டும் நிறுத்தி, அதன் விதிவிலக்கையும் விடாது எழுதுவார்களாயின், வாயிலில் நிற்கும் எவரும் தம்மை அப்பட்டியலில் தேடும் நிலை நேராது.