ரெட் ஹில் குடிநீர் மாசும் நீண்டகால உடல்நலக் கண்காணிப்பும்

ரெட் ஹில் குடிநீர் மாசு என்பது, அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்து ஒவாஹு தீவில், கடற்படையின் நிலத்தடிக் கிடங்கிலிருந்து கசிந்த விமான எரிபொருள் 2021 நவம்பரில் குடிநீரில் கலந்த நிகழ்வு. கடற்படையின் குடிநீர்க் குழாய்களை நம்பி ஏறத்தாழ 93,000 பேர் இருந்தார்கள். நான்கு மாதத்தில் குழாய்கள் கழுவப்பட்டன. பின்னர் கிடங்கும் காலி செய்யப்பட்டது. அந்த நீரைக் குடித்தவர்களுக்கு உடலில் என்ன நேர்ந்தது, இனி என்ன நேரக்கூடும் என்பதைப் பின்தொடரும் பணி மட்டும் இன்னும் முடியவில்லை. எரிபொருள் கலந்த நீர் ஒரு சமூகத்தின் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும் முயற்சிகளில் இது முக்கியமானது. அதன் இடர்ப்பாடுகள் அனைத்தையும் இந்த ஒரு நிகழ்விலேயே காணலாம்.

ரெட் ஹில் என்பது முத்துத் துறைமுகத்துக்கு உள்நிலப்பக்கமாக எழும் எரிமலைப் பாறை முகடு. ஹவாய் மொழியில் அதற்குக் கபூகாகி என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது, வான்தாக்குதலுக்கு எட்டாத இடத்தில் எரிபொருளைச் சேமிக்க விரும்பிய கடற்படை, 1940 இறுதியில் தொடங்கி 1943இல் இந்த முகட்டுக்குள் 20 தொட்டிகளைக் குடைந்து முடித்தது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம். இருபது மாடிக் கட்டடம் ஒன்று உள்ளே அடங்கிவிடும். இரும்புத் தகட்டு உட்சுவரும் அதைச் சுற்றிக் கான்கிரீட்டும் கொண்ட இத்தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவு 25 கோடி கேலன், அதாவது சுமார் 95 கோடி லிட்டர். 1995இல் இது பொறியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் தொட்டிகளின் அடிப்பகுதிக்கு ஏறத்தாழ 100 அடி கீழேதான் தென் ஒவாஹுவின் முதன்மையான நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. நுண்துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த எரிமலைப் பாறைதான் இரண்டுக்கும் இடையே உள்ளது. மழைநீரை வடித்து நல்ல நீராகக் கீழே சேர்க்கும் அதே பாறை, எண்ணெய்க்கும் வழிவிடும்.

ஆபத்து முன்னமே தெரிந்திருந்தது. 2014 ஜனவரியில், பழுது பார்த்து மீண்டும் நிரப்பப்பட்ட 5ஆம் எண் தொட்டியிலிருந்து சுமார் 27,000 கேலன் எரிபொருள் வெளியேறியது. இதையடுத்து 2015இல் கடற்படை, மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மாநிலச் சுகாதாரத் துறை ஆகியவற்றுக்கிடையே ஒப்பந்த ஆணை ஒன்று ஏற்பட்டது. கிடங்கை மூட வேண்டும் என்று ஹொனலுலு குடிநீர் வாரியமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கேட்டன. தொட்டிகளை மேம்படுத்தினால் போதும் என்ற நிலையிலேயே ஆண்டுகள் கடந்தன.

2021இன் விபத்து இரண்டு கட்டமாக நடந்தது. மே 6 அன்று எரிபொருளை மாற்றும்போது அழுத்தம் திடீரென ஏறிக் குழாய் உடைந்து, ஏறத்தாழ 20,000 கேலன் கொட்டியது. அதில் பெரும்பகுதி தீயணைப்பு அமைப்பின் கழிவுக் குழாய் ஒன்றுக்குள் போய்த் தேங்கியது. அங்கே அது இருப்பதை உணராமலேயே அரையாண்டு கடந்தது. நவம்பர் 20 அன்று சுரங்கப்பாதையில் ஓடிய சிறு வண்டி ஒன்று அந்தக் குழாயின் வடிகால் வால்வில் மோதியது. தேங்கியிருந்த ஜேபி-5 எரிபொருள் சுரங்கத்தில் வழிந்து, தரைக்கு அடியில் கசிந்து, ரெட் ஹில் கிணற்றை அடைந்தது. அங்கிருந்து பம்புகள் அதை வீடுகளுக்குக் கொண்டு போயின.

அது நன்றி நவிலல் விடுமுறை வாரம். பெரும்பாலான வீடுகளில் படைவீரர்களின் குடும்பங்கள் இருந்தன. குழாயைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடித்தது. பாத்திரத்தில் பிடித்த நீரின் மேல் வண்ணப் படலம் மிதந்தது. தலைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தொண்டை எரிச்சல், தோல் தடிப்பு என்று ஆளுக்கொரு தொல்லை. நவம்பர் 28 அன்று கிணறு நிறுத்தப்பட்டது. ஆயினும் அடுத்த ஓரிரு நாளில், நீர் பாதுகாப்பற்றது என்பதற்கு உடனடி அறிகுறி இல்லை என்றே படைத்தள நிர்வாகம் குடியிருப்பாளர்களுக்குச் சொன்னது. மாநிலச் சுகாதாரத் துறை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என எச்சரித்தது. டிசம்பர் 2 அன்று, கிணற்று நீரில் எண்ணெய்ப் பொருள் இருப்பதைக் கடற்படை உறுதிசெய்தது. அதே நாளில் ஹொனலுலு குடிநீர் வாரியம், அதே நீர்ப்படுகையிலிருந்து நீரெடுத்த தன் ஹலாவா கிணற்றைத் தானாகவே மூடியது. டிசம்பர் தொடக்கத்தில் ரெட் ஹில் கிணற்றிலிருந்து எடுத்த மாதிரி ஒன்றில், டீசல் வகை ஹைட்ரோகார்பன்கள் லிட்டருக்கு 140 மில்லிகிராம் இருந்தன. மாநிலம் வகுத்திருந்த செயல் வரம்பு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், அதைப்போல் 350 மடங்கு அது.

சுமார் 4,000 குடும்பங்கள் விடுதிகளுக்கு மாற்றப்பட்டன. குடிநீர் வலையமைப்பு 19 மண்டலங்களாகப் பிரித்துக் கழுவப்பட்டு, 2022 மார்ச் 18 அன்று எச்சரிக்கை முழுமையாக விலக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்னர், மார்ச் 7 அன்று, கிடங்கை நிரந்தரமாக மூடும் முடிவைப் பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் அறிவித்தார். 2023 அக்டோபரில் தொடங்கி ஏறத்தாழ 10.4 கோடி கேலன் எரிபொருள் வெளியேற்றப்பட்டது.

உடல்நலம் பற்றிய முதல் முறையான கணக்கெடுப்பை, மத்திய அரசின் நச்சுப் பொருள் மற்றும் நோய்ப் பதிவு முகமையும் மாநிலச் சுகாதாரத் துறையும் 2022 ஜனவரி 7 முதல் பிப்ரவரி 10 வரை நடத்தின. 2,289 பேர் பங்கேற்றனர். அவர்களில் 87 விழுக்காட்டினர் புதிதாகத் தோன்றிய அல்லது முன்னைவிட மோசமான அறிகுறி ஒன்றையேனும் தெரிவித்தனர். நரம்பு மண்டலம் சார்ந்தவை 62 விழுக்காட்டினரிடமும், செரிமானம், தோல் சார்ந்தவை தலா 58 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. அறிகுறி இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு அது 30 நாள் அல்லது அதற்கு மேல் நீடித்தது. 17 பேர் மருத்துவமனையில் இரவு தங்கிச் சிகிச்சை பெற்றனர். 2022 செப்டம்பரில் நடந்த மறுகணக்கெடுப்பில் 986 பேர் பங்கேற்றனர். நல்ல நீர் வரத் தொடங்கி ஆறு மாதம் ஆன பின்பும், அவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் கடந்த 30 நாளில் அறிகுறிகள் இருந்ததாகக் கூறினர்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பங்கேற்றவர்கள் தாமாக முன்வந்தவர்கள். நோயுற்றவர்கள் அதிகமாகவும் நலமாக இருந்தவர்கள் குறைவாகவும் வந்திருக்கலாம். ஆகவே 87 விழுக்காடு என்பதை 93,000 பேருக்கும் பொருத்திவிட முடியாது. தலைவலியும் தோல் தடிப்பும் வேறு காரணங்களாலும் வரும். மாசுக்கு முன் இவர்களின் உடல்நிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒருமுகமான பதிவு கிடையாது. இவற்றைக் காட்டி அறிகுறிகளே பொய் என்று சொல்வோர் உண்டு. அது தவறான முடிவு. ஒரே வாரத்தில், ஒரே குழாய் நீரைப் பயன்படுத்திய நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரே மாதிரியான தொல்லைகள் எழுந்தன என்பதே வலுவான சான்று. கணக்கெடுப்பு காட்டுவது, அடுத்து எதைத் தேட வேண்டும் என்பதை.

ஜேபி-5 என்பது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருள். விமானந்தாங்கிக் கப்பல்களில் எளிதில் தீப்பற்றாமல் இருப்பதற்காக உயர் தீப்பற்று வெப்பநிலையுடன் தயாரிக்கப்படுவது. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. குடிப்பதால் மட்டும் அது உடலுக்குள் போவதில்லை. வெந்நீரில் குளிக்கும்போது ஆவியாகி மூச்சின் வழியாகவும், தோலின் வழியாகவும் செல்கிறது. உடல் அதன் பெரும்பகுதியை விரைவில் வெளியேற்றிவிடுவதால், சில வாரம் கழித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனை யார் எவ்வளவு உட்கொண்டார்கள் என்று சொல்லாது. இந்த வகை எரிபொருள்களைப் பற்றி முன்பு நடந்த மனித ஆய்வுகளில் பெரும்பாலானவை, விமானப்படைத் தளங்களில் எரிபொருளைக் கையாண்டு அதன் ஆவியைச் சுவாசித்த ஊழியர்களைப் பற்றியவை. குடிநீரில் கலந்து கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடித்த நிலைக்கு அவற்றை அப்படியே பொருத்த இயலாது. எனவே வீடு வாரியாக, நாள் வாரியாக நீரில் எவ்வளவு எரிபொருள் இருந்தது என்ற கணக்கே இங்கு அடிப்படை. அந்தக் கணக்குக்கு வேண்டிய மாதிரிகள் போதிய அளவில் எடுக்கப்படாத காலம், மாசு உச்சத்தில் இருந்த முதல் சில நாள்களே. இந்த நிகழ்வில் ஈடுசெய்ய முடியாத இழப்பு இதுதான்.

காலங்கடந்த பின்னும் எவ்வளவு மீட்டெடுக்கலாம் என்பதற்கு, வட கரோலினா மாநிலத்துக் கேம்ப் லெஜூன் கடற்படைக் காலாட்படைத் தளம் முன்மாதிரி. அங்கு 1953 முதல் 1980களின் நடுப்பகுதி வரை, உலர்சலவைக் கரைப்பான்களும் இயந்திரத் துப்புரவுக் கரைப்பான்களும் குடிநீரில் கலந்திருந்தன. தளத்தின் எரிபொருள் கிடங்குக் கசிவால் பென்சீனும் சேர்ந்தது. 1982இல் மாசு கண்டறியப்பட்டும், மிகவும் கெட்ட கிணறுகள் 1984, 1985இல்தான் மூடப்பட்டன. பழைய ஆண்டுகளில் நீர் சோதிக்கப்படாததால், நச்சுப் பொருள் முகமை வேறு வழியில் சென்றது. கிணறுகள் இயங்கிய காலம், நிலத்தடி நீரின் ஓட்டம், குழாய் வலையமைப்பு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு மாதமும் நீரில் இருந்திருக்கக்கூடிய அளவைக் கணினி மாதிரிகளால் மதிப்பிட்டது. அடுத்து, மாசு இல்லாத கலிஃபோர்னியக் கேம்ப் பெண்டில்டன் தளத்து வீரர்களை ஒப்பீட்டுக் குழுவாக எடுத்தது. அதே வயது, அதே பயிற்சி, அதே பணி. குடித்த நீர் மட்டும் வேறு. பிராங்க் போவ் தலைமையில் 2014இல் இறப்பு விகித ஆய்வு வெளிவந்தது. 2024இல் வெளியான புற்றுநோய் ஆய்வு, இரு தளத்தவரின் பெயர்களையும் நாடெங்கும் உள்ள புற்றுநோய்ப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, இரத்தப் புற்றுநோயின் ஒரு வகை உட்படச் சில புற்றுநோய்கள் லெஜூன் தளத்தவரிடம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 2023இல் வந்த இன்னொரு ஆய்வு, பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு 70 விழுக்காடு அதிகம் எனக் கண்டது. பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ உதவி அளிக்கும் சட்டம் 2012இலும், வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டம் 2022இலும் நிறைவேறின.

லெஜூனில் மாசு பல ஆண்டு நீடித்தது. முக்கிய நச்சு கரைப்பான்கள். ரெட் ஹில்லில் அது குறுகிய காலம், நச்சு எரிபொருள். ஒன்றின் முடிவுகளை மற்றதன் மேல் ஏற்றக் கூடாது. கடன் வாங்க வேண்டியது முறையை: மீட்டெடுத்த மாசு அளவு, ஒப்பீட்டுக் குழு, தேசியப் பதிவேடுகளோடு இணைப்பு. இவற்றுக்கெல்லாம் முன்நிபந்தனை, யார் யார் அந்த நீரைப் பயன்படுத்தினார்கள் என்ற பெயர்ப் பட்டியல்.

அந்தப் பட்டியலே உடல்நலப் பதிவேடு. 2001 தாக்குதலுக்குப் பின் நியூயார்க்கில் உலக வர்த்தக மையப் பதிவேட்டில் 71,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். ஈயம் கலந்த குடிநீரால் பாதிக்கப்பட்ட மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்துக்கும் தனிப் பதிவேடு உண்டு. ரெட் ஹில்லில் படைத்துறை மருத்துவ அமைப்பு தன் பயனாளிகளுக்கான பதிவுகளைத் தொடங்கியதோடு, 2023இல் தனி மருத்துவமனைப் பிரிவும் திறந்தது. ஆனால் மாசுக்குக் காரணமான துறையே நோயாளிகளின் பதிவையும் வைத்திருப்பதைப் பல குடும்பங்கள் ஏற்கவில்லை. அந்த அவநம்பிக்கை நியாயமானது. முதல் வாரத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்டதே அதற்குக் காரணம். படைத்துறையைச் சாராத பதிவேடு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்களை உள்ளடக்கிய சார்பற்ற பதிவேட்டு முயற்சி உருவாயிற்று. இதில் பெரிய தடை இடப்பெயர்ச்சி. படைவீரர் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு தளத்துக்கு மாறுகின்றன. 2021இல் ஒரே தெருவில் இருந்தவர்கள் இன்று பல மாநிலங்களில் வெவ்வேறு மருத்துவர்களிடம் போகிறார்கள். ஜேபி-5 என்ற பெயரையே கேள்விப்படாத மருத்துவர்தான் பெரும்பாலும் அவர்களுக்கு எதிரே அமர்ந்திருப்பார்.

பதிவின் குறைபாடு நீதிமன்றத்திலும் எதிரொலித்தது. மாசுக்குத் தன் பொறுப்பை அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது; தீங்கின் அளவே வழக்காயிற்று. ஆயிரக்கணக்கானோர் தொடுத்த வழக்குகளில் முன்னோட்டமாக 17 பேரின் வழக்கை விசாரித்த நீதிபதி லெஸ்லி கோபயாஷி, 2025 மே மாதம் அவர்களுக்கு மொத்தம் 6.8 லட்சம் டாலருக்குச் சற்று மேல் இழப்பீடு வழங்கினார். ஒருவருக்கு ஏறத்தாழ 5,000 முதல் 1,04,000 டாலர் வரை கிடைத்தது. கேட்கப்பட்ட தொகையைவிட இது மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோய்க்கு அந்த நீர்தான் காரணம் என்று தனியொருவர் நிறுவ, அவர் உட்கொண்ட அளவும் முந்தைய உடல்நிலையும் ஆவணமாக இருக்க வேண்டும். அவற்றைத் திரட்டுவது குடும்பங்களால் ஆகிற காரியமல்ல.

புற்றுநோயும் நரம்புச் சிதைவு நோய்களும் வெளிப்படப் பத்து முதல் முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். அன்று கருவில் இருந்த குழந்தைகளுக்கு 2040களில்தான் இருபது வயது நிறையும். கேம்ப் லெஜூனின் கெட்ட கிணறுகள் மூடப்பட்டதற்கும் அதன் புற்றுநோய் ஆய்வு வெளிவந்ததற்கும் இடையே 39 ஆண்டுகள். ரெட் ஹில்லின் பதிவேடு அத்தனை காலம் நிதியோடும் முகவரிகளோடும் நீடித்தால்தான் அதனால் பயன் விளையும்.