வாசனைப் பூச்சும் தோல் ஒவ்வாமையும்

முகப்பூச்சு, ஷாம்பு, சவர்க்காரம் ஆகியவற்றின் லேபிளில் ‘பர்ஃபம்’ அல்லது ‘ஃப்ரேக்ரன்ஸ்’ என்று காணும் ஒரு சொல்லுக்குள் பல வாசனைப் பொருள்கள் அடங்கியிருக்கலாம். அவற்றில் சில தோலில் அரிப்பு, சிவப்பு, தடிப்பு ஆகியவற்றை உண்டாக்கும் ஒவ்வாமைக்குக் காரணமாகின்றன.

இயற்கை வாசனை என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கிராம்பில் உள்ள யூஜினால், ரோஜாவில் உள்ள ஜெரானியோல், ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் ஆகியவையும் ஒவ்வாமை தரக்கூடியவையே. லிமோனீன் காற்றுப்பட்டு மாறும்போது அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. எனவே, திறந்து நெடுநாளான போத்தலைப் பயன்படுத்தாதீர்கள்.

இத்தகைய 26 பொருள்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவற்றின் பெயரை லேபிளில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் விதித்தது. தோலில் தங்கும் பூச்சுகளுக்கு அந்த அளவு 0.001 விழுக்காடு; கழுவிவிடும் பொருள்களுக்கு 0.01 விழுக்காடு. 2023-இல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டியது.

மலேசியாவில் விற்கப்படும் அழகுசாதனப் பொருள்களுக்கு ‘என்ஓடி’ எனத் தொடங்கும் அறிவிக்கை எண் இருக்க வேண்டும். ஆனால், அந்த எண் இருப்பதால் ஒவ்வாமை வராது என்று பொருளல்ல.

ஒருமுறை ஏற்பட்ட வாசனை ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். அரிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட்டு, அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனையின் மூலம் எந்தப் பொருள் காரணம் என்று அவர் கண்டறிய முடியும்.