"நானோ டைட்டானியம்" ஏர் ப்யூரிஃபையர்: அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சு? (த்ரெட்)

தீபம் முடிஞ்சு பனி இறங்கினா நம்ம திருவண்ணாமலையில வீசிங் குழந்தைங்களைத் தூக்கிட்டு ஓபிக்கு வர்றவங்க அதிகம். அதுல சிலர் போன்ல ஒரு விளம்பரத்தைக் காட்டுறாங்க. "டாக்டர், இந்த போட்டோகேட்டலிட்டிக் மெஷின் வாங்கினா புள்ளைக்கு இழுப்பு நிக்குமா?" ஒரு மாசச் சம்பளத்தையே அதுல போடத் தயாரா இருக்காங்க. அதனால அதோட வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துடுவோம்.

1967, டோக்கியோ பல்கலைக்கழகம். அகிரா ஃபுஜிஷிமா அப்போ ஆராய்ச்சி மாணவர், வழிகாட்டி கெனிச்சி ஹோண்டா. டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தைத் தண்ணியில வச்சு வெளிச்சம் அடிச்சாரு. குமிழி கிளம்புச்சு. வெறும் ஒளியால தண்ணி பிரியுது! 1972ல நேச்சர் இதழ்ல கட்டுரை வந்தது. அடுத்த வருஷமே எண்ணெய் நெருக்கடி. ஹைட்ரஜன் எரிபொருள் கிடைக்கும்னுதான் உலகமே இதைத் திரும்பிப் பார்த்துச்சு. காத்தைச் சுத்தம் பண்ற யோசனையெல்லாம் பிறகு சூடு பிடிச்சதுதான்.

டைட்டானியம் ஒண்ணும் அபூர்வம் இல்லீங்க. சுவத்துக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்ட்ல இருக்கிறதும் இதே டை ஆக்சைடுதான். அதோட தாது இல்மனைட், நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்லயே கிடைக்குது.

புற ஊதா ஒளி பட்டா இதோட மேற்பரப்பு, தன் மேல ஒட்டுற வாயுவை உடைக்கும். துகளை நானோ அளவுக்குப் பொடியாக்கினா மேற்பரப்பு கூடும். அவ்வளவுதான் "நானோ".

1995 அக்டோபர்ல கொலம்பியா விண்கலத்துல உருளைக்கிழங்குச் செடி வளர்த்தாங்க. செடி விடுற எத்திலீன் மூடின பெட்டிக்குள்ள தேங்கினா செடியே கெட்டுடும். அதை இந்த முறையிலதான் கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் மாத்தினாங்க. விளம்பரத்துல "நாசா தொழில்நுட்பம்"னு வர்றதுக்கு மூலம் இதுதான். பொய் இல்ல. ஆனா அது சின்னப் பெட்டி, குறி வச்சது ஒரே வாயு.

நம்ம வீட்டுக் காத்து அப்படியா? 2007ல அமெரிக்காவோட லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் பல வாயு கலந்த காத்தை இப்படிப்பட்ட கருவி வழியா விட்டுப் பார்த்துச்சு. சில வாயு பாதிதான் உடைஞ்சது, ஃபார்மால்டிஹைடு புதுசா உருவாச்சு. அனாட்டமி ஹால்ல எங்க கண்ணை எரிய வச்ச அதே சரக்கு!

இன்னொண்ணு, புகையில இருக்கிற கரித்துகளை இது பிடிச்சு வைக்காது. குழந்தைக்கு இழுப்பைக் கிளப்புறதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. 2003ல வந்த ஒரு ஆய்வுக் கணக்குப்படி, ஒரு கொசுவத்திச் சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள் 75லேர்ந்து 137 சிகரெட் புகைக்குச் சமம்.

அதனால முதல்ல கொசுவத்தியை நிறுத்திட்டு வலை கட்டுங்க. சாம்பிராணி போடுறப்போ ஜன்னலைத் திறந்து வச்சு, குழந்தையை வெளியே தூக்கிட்டுப் போயிடுங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை "பழகிடும்"னு பயந்து பாதியில விடாதீங்க.

ஏற்கெனவே மெஷின் வாங்கியாச்சா? உள்ள ஹெப்பா ஃபில்டர் இருக்கான்னு பாருங்க, துகளைப் பிடிக்கிறது அதுதான். ஓசோன் விடுற மெஷினா இருந்தா குழந்தை இருக்கிற ரூம்ல போடவே போடாதீங்க.